கோழி எலும்பிலிருந்து கடற்பறவை எலும்பு வரை: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பெர்முடாத் தீவுகளில் கஹாவ் என்றொரு கடற்பறவை உண்டு. பெட்ரல் இனத்தைச் சேர்ந்தது. 1609-ல் ஆங்கிலேயர் அங்கே கரையேறிய பிறகு, மனிதரும் அவர்களோடு வந்த விலங்குகளும் தின்று தீர்த்ததில் 1620-களிலேயே அது கண்ணில் படாமல் போயிற்று. முந்நூறு வருஷத்துக்கு மேல் அழிந்துபோன பறவை என்றே எல்லோரும் நம்பினார்கள். 1951-ல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த சில சிறு பாறைத் திட்டுகளில் 18 ஜோடிகள் கூடு வைத்திருப்பது தெரிந்தது.

அன்று உயிரோடிருந்த பறவைகளை மட்டும் வைத்துப் பார்த்தால், பாறை இடுக்கில் வாழும் பறவை என்றுதான் யாரும் எழுதியிருப்பார்கள். பெரிய தீவுகளின் குகைகளிலும் மண்ணிலும் கிடைத்த பழைய எலும்புகள் வேறு விஷயத்தைச் சொல்லின. கஹாவ் ஒருகாலத்தில் தீவின் உட்பகுதியெங்கும் மண்ணில் வளை தோண்டி, பெருங்கூட்டமாக வாழ்ந்த பறவை. பாறைத் திட்டு அதற்குக் கடைசிப் புகலிடம், அவ்வளவே. அங்கேயும் டிராபிக்பேர்ட் என்ற வேறொரு கடற்பறவைகள் இடத்துக்காகச் சண்டையிட்டு அதன் குஞ்சுகளைக் கொன்றன. 1960-களில் டேவிட் விங்கேட் என்பவர் நான்சச் தீவில் உள்ளூர் மரங்களை மீண்டும் வளர்க்கத் தொடங்கினார். செயற்கை வளைகள் அமைந்தன. 2004 முதல் குஞ்சுகளை அங்கே மாற்றினார்கள். இன்று ஜோடிகள் 100-ஐத் தாண்டிவிட்டன.

இதை நீலகிரியிலோ பழனி மலையிலோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு உடனே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். சீகை மரமும் கற்பூர மரமும் தேயிலையும் மூடியது போக மிஞ்சிய புல்வெளித் துண்டில் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை திரிகிறது. அது விரும்பித் தேர்ந்த இடமா, நாம் மிச்சம் விட்ட இடமா? இப்படிக் கேட்கப் பழகிக்கொள்ள எலும்பைவிட நல்ல ஆசான் இல்லை. எலும்புப் படிப்பில் முறைகள் மிகத் தெளிவாகத் தெரிவது கடற்பறவைகளிடம்தான். அவை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில், தலைமுறை தலைமுறையாகக் கூடு வைப்பவை. அவற்றின் எலும்பு குவிந்து கிடக்கும். சுண்ணாம்புக் குகை, காய்ந்த மணல்மேடு, உறைந்த நிலம் என்று பல இடங்களில் அது கெடாமலும் இருக்கும். நம் மலையில் நிலைமை நேரெதிர். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம்

காட்டுப் பறவையின் இறகு, முட்டை, எலும்பு எதையும் காட்டிலிருந்து எடுத்து வராதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இது குற்றமாகலாம். முதுமலை, முக்கூர்த்தி, 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் சரணாலயம் என்று நம்மைச் சுற்றி எல்லாமே பாதுகாக்கப்பட்ட நிலம். செத்த பறவையைக் கண்டால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், இடத்தையும் தேதியையும் குறியுங்கள், கை வைக்காமல் வந்துவிடுங்கள். பறவைக் காய்ச்சல் இருக்கும் காலத்தில் இது உங்கள் உடம்புக்கும் நல்லது.

பாறைக் குடைவுகளிலும், நீலகிரியின் கல்வட்டங்களிலும், தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகளிலும் தோண்டவே கூடாது. ஒரு எலும்பு எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பில் பாதிக்கு மேல். ஆர்வத்தில் பிடுங்கி எடுத்த எலும்பு மேசையில் அழகாக இருக்கும். யாருக்கும் எதுவும் சொல்லாது.

கறிக்கடையில் தொடங்குங்கள்

கற்றுக்கொள்ளத் தேவையான எலும்பு எல்லாம் கறிக்கடையில் கிடைக்கும். மூன்று கோழி வாங்க வேண்டும்: ஒரு ப்ராய்லர், ஒரு முற்றிய நாட்டுக்கோழி, முட்டையிட்டுக்கொண்டிருக்கும் பருவத்தில் ஒரு முட்டைக்கோழி. துண்டு போடாமல் முழுசாகக் கேளுங்கள். மூன்றையும் சேர்த்து வாங்காதீர்கள். ஒவ்வொன்றாக வேகவைத்து, சாப்பிட்டு, எலும்பைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள். வேகவைக்கும் முன் முட்டைக்கோழியின் தொடை எலும்பு ஒன்றை மட்டும் பச்சையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பில் ஒட்டிய தசையை நீக்க, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு மூடி வைத்து, தண்ணீரை அவ்வப்போது மாற்றினால் போதும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் குளிரில் இது கீழ்நாட்டைவிட வெகு மெதுவாக நடக்கும், பொறுமை வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டாம், எலும்பின் மேற்பரப்பே பொரிந்துவிடும். தோட்டத்து மண்ணில் புதைத்து வைக்கும் வழக்கத்தை நம் மலையில் பின்பற்றாதீர்கள். இந்த மண்ணில் சிறிய எலும்பு அரித்துப்போகும்.

இப்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். இறக்கையின் மேற்கை எலும்பில், தோளோடு சேரும் முனைக்குக் கீழே ஒரு பள்ளமும் அதற்குள் ஒரு துளையும் தெரியும். காற்றுப்பை எலும்புக்குள் நுழையும் வாசல் அது. பென்குயினின் அதே எலும்பில் இந்த ஏற்பாடு இல்லை. முழுக்கக் கெட்டியாக, கனமாக, தட்டையாக இருக்கும். தண்ணீருக்குள் மூழ்குகிற பறவைக்கு உடம்புக்குள் காற்று இருப்பது இடைஞ்சல். ஒரு துண்டு எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு 'இது பறந்த பறவை, இது மூழ்கிய பறவை' என்று சொல்வது இப்படித்தான். அடுத்து முன்கை எலும்பு இரண்டில் தடித்ததை எடுத்து நகத்தால் வருடிப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள் தட்டுப்படும். இறகுகள் வேர்பிடித்த இடங்கள் அவை.

ப்ராய்லரின் கால் எலும்பைப் பாருங்கள். அந்தக் கோழி பெரும்பாலும் ஆறு வாரத்துக் குஞ்சு, உருவம்தான் பெரிது. எலும்பின் முனைகள் குருத்தெலும்பாக, நுண்துளைகளோடு, வேகவைத்ததும் கழன்று வரும். நாட்டுக்கோழியில் அதே முனை வழவழப்பாக, இறுகி இருக்கும். ஒரு பழைய குவியலில் நுண்துளை முனையுள்ள எலும்புகள் நிறையக் கிடைத்தால் அங்கே பறக்கத் தெரியாத குஞ்சுகள் இருந்தன, அதாவது அது இனப்பெருக்க இடம். பெர்முடாவில் சுமார் 4 லட்சம் வருஷத்துக்கு முன் குட்டைவால் அல்பட்ராஸ் கூட்டம் கூடு வைத்திருந்ததை அப்படித்தான் கண்டார்கள். பெரிய பறவை, குஞ்சு, முட்டை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 20 மீட்டருக்கு மேல் ஏறியபோது அந்தக் கூட்டம் மூழ்கிப்போனது.

முட்டைக்கோழியின் பச்சைத் தொடை எலும்பைத் துணியில் சுற்றி, நடுவில் உடையுங்கள். மற்ற கோழிகளில் வெறும் மஜ்ஜை மட்டும் இருக்கும் உட்புறம், இதில் சிவப்பும் வெள்ளையுமாக மணல்மணலாக ஒரு பொருளால் அடைந்திருக்கும். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பைப் பெட்டைக் கோழி அங்கேதான் சேமித்து வைக்கிறது. முட்டையிடும் பருவம் முடிந்தால் அது மறைந்துவிடும். ஆயிரம் வருஷத்துப் பழைய எலும்பின் உடைந்த வாயில் இதைப் பார்த்தால், இந்தப் பெட்டை முட்டையிடும் நாட்களில் இறந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். எலும்புப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு உயிரின் வாழ்க்கையில் சில வாரங்களே நீடித்த நிலை அவ்வளவு காலம் கழித்தும் படிக்கக் கிடைக்கிறது.

எண்ணும் முறை

மூன்று கோழியின் எலும்பையும் ஒன்றாகக் கலந்து, வீட்டில் யாரையாவது கண்டபடி ஒரு பங்கை எடுத்து ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். மிச்சத்தை வைத்து எத்தனை கோழி என்று கண்டுபிடிக்க வேண்டும். மொத்த எலும்பை எண்ணிப் பயனில்லை. ஒரே வகை எலும்பின் ஒரே பக்கத்தை எண்ணுங்கள். வேறொரு குவியலில் இடது மேற்கை எலும்பு 5, வலது 3 இருந்தால் குறைந்தது 5 பறவை. 'குறைந்தது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், இந்தக் கணக்கு எப்போதும் அடிமட்டத்தைத்தான் சொல்லும்.

பிறகு அதே எலும்புகளோடு காடை எலும்பு கொஞ்சம் சேர்த்து, மண்ணோடு கலந்து, ஒருமுறை ஜல்லி சலிக்கும் பெரிய கண் சல்லடையிலும், மறுமுறை மாவு சல்லடையிலும் சலித்துப் பாருங்கள். பெரிய கண்ணில் காடை எலும்பு கணிசமாக ஒழுகிப்போகும். பழைய அகழாய்வு அறிக்கை எதையாவது படிக்கும்போது 'சிறு பறவைகள் இல்லை' என்று கண்டால், முதலில் என்ன சல்லடை பயன்படுத்தினார்கள் என்று தேடுங்கள்.

எண்ணிக்கையை வைத்து மட்டும் பழைய பறவைக் கூட்டத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது. அதற்கு எலும்புக்குள் இருக்கும் டி.என்.ஏ. உதவுகிறது. வட அட்லாண்டிக்கில் வாழ்ந்த பறக்க முடியாத பெரிய ஆக் பறவையின் கடைசி ஜோடி 1844-ல் ஐஸ்லாந்து அருகே எல்டே தீவில் கொல்லப்பட்டது. ஏற்கெனவே நலிந்துபோன இனத்தைத்தான் மனிதன் முடித்துவைத்தானா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2019-ல் வந்த ஆய்வு அவற்றின் எலும்புகளில் டி.என்.ஏ.வைப் படித்து, வேட்டை பெருகும்வரை அந்த இனம் நலிந்ததற்கான அடையாளமே இல்லை என்று காட்டியது. பெருங்கூட்டமாக வாழ்ந்த பறவையையும் துடைத்தெறிய வேட்டை ஒன்றே போதும். 'இவ்வளவு இருக்கே, என்ன ஆகிவிடும்' என்று சொல்கிறவர்களுக்குக் காட்ட வேண்டிய ஆய்வு இது.

அடையாளம் காண்பதிலும் அவசரம் கூடாது. நியூசிலாந்தின் மஞ்சள்கண் பென்குயின் முன்பு அதிகமாக இருந்து குறைந்த பறவை என்று நினைத்திருந்தார்கள். பழைய எலும்புகளின் டி.என்.ஏ. அவை வேறொரு இனம் என்று காட்டிற்று. வைடாஹா என்று பெயரிடப்பட்ட அந்தப் பென்குயின், மனிதர் குடியேறிய சில நூற்றாண்டுகளுக்குள் அழிந்தது. காலியான கரைக்குத் தெற்கிலிருந்து வந்து சேர்ந்ததுதான் இன்றைய மஞ்சள்கண் பென்குயின். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தால் குறிப்பேட்டில் 'இனம் உறுதியில்லை' என்றே எழுதுங்கள்.

எலும்பைப் பார்க்கும் முன் மண்ணைப் பாருங்கள்

கோழி இறக்கை எலும்பு ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் வினிகர் ஊற்றிப் போட்டு வையுங்கள். வினிகரை ஓரிரு முறை மாற்றுங்கள். சில நாளில் எடுத்து வளைத்தால் ரப்பர் மாதிரி வளையும். எலும்புக்குக் கடினம் கொடுத்த கால்சியம் பாஸ்பேட் அமிலத்தில் கரைந்துவிட்டது. மிஞ்சியிருப்பது கொலாஜன் என்ற புரதம். காலக்கணிப்புக்கும் உணவு ஆராய்ச்சிக்கும் ஆய்வுக்கூடம் தேடுவது இந்தப் புரதத்தைத்தான்.

நம் மலை முழுவதும் இந்த டம்ளர்தான். நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோகைட் பாறை, சுண்ணாம்பு கிடையாது. கொட்டும் மழை மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. தேயிலை செழிக்கிறதென்றாலே அந்த மண் அமில மண் என்று அர்த்தம். தாதுப்பொருள் கரைந்த பின் கொலாஜனை நுண்ணுயிரிகள் தின்றுவிடும். ஆந்திராவில் கர்னூல் பக்கத்துச் சுண்ணாம்புக் குகைகளில் 1880-களிலேயே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் அவர் மகனும் பழைய விலங்கெலும்புகளைக் கண்டெடுத்தார்கள். சோலைக்குள் அப்படி எதிர்பார்க்க முடியாது. எரிந்து வெளுத்த எலும்பு மட்டும் அமிலத்துக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஆகவே நம் மலையில் ஒரு பறவையின் பழைய எலும்பு கிடைக்கவில்லை என்பது அந்தப் பறவை இங்கே இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. புதியவர்கள் இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் பழகப் பழக வரும்.

எலும்பைக் கரைத்த அதே ஈரமும் அமிலமும் வேறொரு பதிவைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா போன்ற சதுப்புகளில் மக்காத செடிப் பொருள் அடுக்கடுக்காகப் படிந்து கரிமண்ணாகக் கிடக்கிறது. சோலை மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. அதனால் அவற்றில் கார்பனின் இரண்டு ஐசோடோப்புகளின், அதாவது எடையில் வேறுபடும் இரண்டு வகைக் கார்பன் அணுக்களின், விகிதமும் வேறு. இந்த விகிதத்தை அளந்து, ஆர். சுகுமாரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1993-ல் வெளியிட்ட முடிவின்படி, சுமார் 20,000 முதல் 18,000 வருஷத்துக்கு முன் இங்கே வறட்சி நிலவிப் புல் ஓங்கியிருந்தது. புல்வெளி என்றால் வெட்டி வீணான காடு என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கரிமண்ணே பதில்.

யார் கொண்டுவந்து போட்டது?

எலும்பு கிடக்கும் இடத்தில்தான் பறவை வாழ்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குகைகளில் கிடைக்கும் சின்ன எலும்புக் குவியல்களில் பல ஆந்தைகள் சேர்த்தவை. ஹவாயில் இன்று அழிந்துவிட்ட ஆந்தைகள் கக்கிய உருண்டைகள் வழியாகவே பல சிறு பறவைகளின் எலும்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. மனிதன் தின்று போட்டதென்றால் வெட்டுத் தழும்போ தீப்பட்ட கருமையோ இருக்கும்.

இதை நேரில் பழக, பழைய பங்களா, தேயிலை ஃபேக்டரி, மாதா கோயில் கோபுரம் இவற்றில் கூகை தங்கும் இடத்தின் கீழே பாருங்கள். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, குஞ்சு இருக்கும் காலத்தைத் தவிர்த்து, பகலில் டார்ச் அடிக்காமல் போங்கள். மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம். கூகை கக்கிய உருண்டையை அங்கேயே ஒரு தட்டில் வைத்து, ஈரமாக்கி, ஊசியால் மெல்லப் பிரியுங்கள். எலி மண்டை, மூஞ்சூறின் வெண்பல், எப்போதாவது சிறு பறவையின் அலகு என்று வரும். படமெடுத்துக் குறித்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

வயதும் உணவும்

இவை ஆய்வுக்கூட வேலை, ஆனால் முடிவுகளைப் படிக்கத் தெரிய வேண்டும். காலம் கணிக்கும் ரேடியோ கார்பன் முறையில் கடற்பறவை எலும்பு தன் உண்மை வயதைவிட முதிர்ந்ததாகக் காட்டும். ஆழ்கடலில் நெடுங்காலம் கிடந்த பழைய கார்பன் மீன் வழியாகப் பறவைக்குள் வருவதே காரணம். உலகப் பெருங்கடல்களில் பொதுவாக இந்த வித்தியாசம் சுமார் 400 வருஷம். அண்டார்க்டிகாவில் இன்னும் அதிகம். கட்டுரையில் வயது போட்டிருந்தால் இந்தத் திருத்தம் செய்தார்களா என்று பாருங்கள்.

உணவுக்கு நைட்ரஜன் ஐசோடோப்பு. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் கனமான நைட்ரஜன் ஆயிரத்தில் 3 முதல் 4 பங்கு கூடும். ஹவாய் பெட்ரலின் எலும்புகளில் ஆயிரக்கணக்கான வருஷம் பெரிய மாற்றமில்லாமல் இருந்த இந்த அளவு, அண்மைய நூற்றாண்டில் சரிந்திருப்பதை 2013-ல் வெளியிட்டார்கள். பெரிய இரைகள் குறைந்து, சங்கிலியில் கீழே உள்ளதைத் தின்னும் நிலைக்கு அந்தப் பறவை வந்திருக்கிறது. பெருமளவு மீன்பிடிப்பு இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அண்டார்க்டிகாவின் அடேலி பென்குயின்களின் பழைய முட்டை ஓடுகள் சொன்னதும் இதே திசையில்தான்: சுமார் 200 வருஷத்துக்கு முன் அவை மீனை விட்டுக் கிரில் என்ற சிறு இறாலினத்துக்கு மாறின. திமிங்கிலங்களையும் கடல்நாய்களையும் மனிதர் கொன்று குவித்ததால் கிரில் மிகுந்தது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நீலகிரிக் கரிமண்ணில் அளந்ததும் பெட்ரல் எலும்பில் அளந்ததும் ஒரே வகைக் கருவிதான்.

எலும்பை வைத்துக்கொள்வதும் மேலே படிப்பதும்

மலையின் ஈரத்தில் பிளாஸ்டிக் கவர் எலும்புக்கு எதிரி, பூஞ்சை பூத்துவிடும். காகித உறையில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடும் டப்பாவில் வையுங்கள். சீட்டை பென்சிலில் எழுதுங்கள். ஒரு வெர்னியர் காலிப்பரும் பத்து மடங்கு லென்ஸும் இருந்தால் நெடுநாளைக்குப் போதும்.

கொடைக்கானல் செண்பகனூரில் 1895-ல் இயேசு சபையார் தொடங்கிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் போய்ப் பாருங்கள். பாடம் செய்த பறவைகளில் பெரும்பாலும் உடலெலும்பு எடுக்கப்பட்டிருக்கும். அலகையும் கால்களையும் நிதானமாகப் பாருங்கள். கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் ஆய்வு மையம் இருக்கிறது. மேற்படிப்பு எண்ணம் இருந்தால் அங்கே என்ன ஆய்வு நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மழைக்காலத்தில் சாலை ஓரமோ தோட்டமோ சரிந்து எலும்போ பானை ஓடோ வெளியே தெரிந்தால் இழுக்காதீர்கள். தொலைவிலிருந்து ஒன்று, ஸ்கேல் வைத்து அருகிலிருந்து ஒன்று, மண்ணடுக்குகள் தெரியப் பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று படம் எடுங்கள். ஜி.பி.எஸ். புள்ளியைக் குறியுங்கள். வன நிலம் என்றால் ரேஞ்ச் ஆபீசுக்கும், பானை ஓடு இருந்தால் தொல்லியல் துறைக்கும் அன்றே சொல்லுங்கள். உங்கள் சொந்தப் பட்டா நிலமாக இருந்து, சரிவும் நின்றிருந்தால், மேலே ஒரு தார்ப்பாயை விரித்து ஓரத்தில் கல் வைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் ஆடு மாடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.